பெக்கின் ‘லூசர்’: மோசமாக ராப் பாடியதில் பிறந்த பாட்டு

கேள்வி இது: “1990களின் அமெரிக்க ஆல்டர்நேட்டிவ் ராக் பற்றி எதைப் படித்தாலும் பெக் என்ற தனிப்பாடகரின் ‘லூசர்’ சிங்கிள் வந்துவிடுகிறது. ஒரு தலைமுறையின் தோல்விக் கீதம் என்கிறார்கள். கேட்டுப் பார்த்தால் வரிகள் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. அப்படி இதில் என்னதான் இருக்கிறது? அவர் என்ன சொல்ல வருகிறார்?”

‘தலைமுறையின் கீதம்’ என்ற பட்டத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஆரம்பிப்போம். அது பாட்டோடு பிறந்ததல்ல. பாட்டு வானொலியில் ஓடத் தொடங்கிய பிறகு பத்திரிகைகள் சூட்டியது. சூட்டப்பட்டவருக்கே அதில் எரிச்சல்தான். ஓர் இளைஞன் ராப் பாடிப் பார்த்தான். பாடியதைத் திருப்பிப் போட்டுக் கேட்டான். உலகத்திலேயே மட்டமான ராப் பாடகன் நான்தான் என்று தோன்றியது. அந்தக் கூச்சத்தையே பல்லவியாகப் பாடிவிட்டான். இந்தப் பாட்டின் பிறப்பு ரகசியம் இவ்வளவுதான். இதைத் தெரிந்துகொண்டு மறுபடி கேட்டால் பாட்டில் அழுகை குறைந்து சிரிப்பு கூடிவிடும்.

தலைப்புச் சொல்லிலேயே நாம் தடுக்கி விழுகிறோம். ‘லூசர்’ என்பதைத் ‘தோற்றவன்’ என்று பெயர்த்தால் ஏதோ ஒரு பந்தயத்தில் இறங்கி, ஓடி, தோற்றுத் திரும்பியவன் என்ற மரியாதை வந்துவிடுகிறது. அமெரிக்கப் பேச்சில் அந்தச் சொல்லுக்கு அந்த மரியாதை கிடையாது. பந்தயத்தில் சேர்த்துக்கொள்ளவே லாயக்கில்லாதவன் என்று பொருள். நம்மிடம் அதற்கு அச்சு அசலான சொல் இருக்கிறது: உதவாக்கரை. பல்லவியில் பெக் முதலில் ஸ்பானிய மொழியில் தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டு, பிறகு ஆங்கிலத்தில் அதையே திருப்பிச் சொல்கிறார். ஸ்பானியம் பேசும் குடும்பங்கள் நிறைந்த லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் வளர்ந்தவருக்கு அந்த மொழி இரவல் அலங்காரம் அல்ல. ஆனாலும் அது வரும் தொனியைக் கவனியுங்கள். சோகத்தைச் சொல்லும் குரல் அல்ல அது. கண்ணாடி முன் நின்று தனக்குத்தானே பழிப்புக் காட்டும் குரல்.

ஆள் யார் என்று கொஞ்சம் சொன்னால்தான் மேலே போக முடியும். பெக் 1970 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர். அப்பா டேவிட் கேம்ப்பெல், மற்றவர்களின் இசைத்தட்டுகளுக்கு வயலின், செல்லோ பகுதிகளை எழுதிக் கொடுப்பதில் பேர் வாங்கியவர். தாய்வழித் தாத்தா ஆல் ஹான்சன், ஃப்ளக்ஸஸ் என்ற கலை இயக்கத்தைச் சேர்ந்தவர். சாக்லேட் உறை, சிகரெட் துண்டு போன்ற குப்பைகளை ஒட்டி உருவங்கள் செய்வது அவர் வேலை. இந்தத் தாத்தாவை மறந்துவிடாதீர்கள், பாட்டின் வரிகளுக்கு வரும்போது தேவைப்படுவார். பேரன் பள்ளியைப் பாதியில் விட்டான். மிஸிஸிப்பி ஜான் ஹர்ட் போன்ற பழைய ப்ளூஸ் கலைஞர்களின் இசைத்தட்டுகளில் போய் விழுந்தான். கிட்டாரும் கையுமாக 1989இல் நியூயார்க் போனான். அங்கே கொஞ்ச காலம் அலைந்துவிட்டுக் காசு தீர்ந்து ஊர் திரும்பினான். வீடியோ கடை வேலை, கிடைத்த கூலி வேலை, இரவில் காப்பிக் கடைகளிலும் சிறிய மன்றங்களிலும் பாட்டு.

அந்த மேடைகளில் ஒரு சிக்கல். அவர் எழுபது ஆண்டுப் பழமையான பாணியில் உருகிப் பாடிக்கொண்டிருப்பார். கீழே இருப்பவர்கள் தங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். யாராவது கேட்கிறார்களா என்று பார்க்க, வாய்க்கு வந்த அபத்தமான வரிகளை அந்த இடத்திலேயே கட்டிப் பாடத் தொடங்கினார். ‘லூசர்’ அந்தப் பழக்கத்தின் நீட்சிதான் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆகவே வரிகள் ஒட்டவில்லை என்ற உங்கள் குறை நியாயமானது. அவை ஒட்டுவதற்காக எழுதப்படவே இல்லை. பேசிக்கொண்டிருப்பவன் சட்டென்று திரும்பிப் பார்ப்பதற்காக எழுதப்பட்டவை.

பாங் லோட் என்ற சின்னஞ்சிறு இசைத்தட்டு நிறுவனத்தை நடத்திவந்த டாம் ராத்ராக், பெக்கை கார்ல் ஸ்டீஃபன்சன் என்பவரின் வீட்டுக்கு அனுப்பினார். ஸ்டீஃபன்சன் ராப் இசைத்தட்டு நிறுவனம் ஒன்றுக்காகப் பணியாற்றியவர். வீட்டிலேயே எட்டுத் தடப் பதிவுக் கருவி வைத்திருந்தார். பெக் தன் நாட்டுப்புறப் பாணிப் பாட்டுகளை வாசித்துக் காட்டினார். ஸ்டீஃபன்சனுக்கு அவை பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. பிறகு பெக் சும்மா ஸ்லைடு கிட்டாரை இழுக்க, இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தச் சிறு துணுக்கைப் பதிவு செய்து லூப் ஆக்கினார், அதாவது அது முடிந்த இடத்தில் மறுபடி தொடங்கும்படி சுழலவிட்டார். அடியில் ஒரு டிரம் தாளத்தைச் சேர்த்தார். இவர் அந்த வேலையில் இருக்கும்போதே பெக் உட்கார்ந்து வரிகளைக் கிறுக்கினார். பப்ளிக் எனிமி குழுவின் சக் டி போலக் கம்பீரமாக ராப் பாடுவதாக அவருக்கு நினைப்பு. திருப்பிப் போட்டுக் கேட்டதும் நினைப்பு கலைந்தது. பல்லவி வந்தது. ராத்ராக் சொன்ன கணக்குப்படி மொத்தப் பாட்டுக்கும் ஆனது ஆறரை மணி நேரம். சில மாதங்கள் கழித்து ஒன்றிரண்டு சிறு சேர்ப்புகள், அவ்வளவே.

என்னைக் கேட்டால், எழுதுவதற்கு விஷயம் இருப்பது வரிகளில் அல்ல, ஒலியில். காதில் கருவியை மாட்டிக்கொண்டு முதல் பதினைந்து விநாடியை மட்டும் நாலைந்து தடவை கேளுங்கள். முதலில் வருவது அந்தக் கிட்டார். விரலில் கண்ணாடிக் குழாயையோ உலோகக் குழாயையோ மாட்டிக்கொண்டு கம்பிமேல் தேய்த்து வாசிப்பது ஸ்லைடு. கோட்டு வாத்தியத்தில் மரக்கட்டையை வழுக்கவிட்டு வாசிப்பார்களே, ஏறக்குறைய அந்த உத்திதான். ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் படி ஏறாமல் வழுக்கிக்கொண்டு போகும். அந்த வழுக்கலில் சுருதி எங்கேயும் சரியாக நிற்பதில்லை. கொஞ்சம் குடித்துவிட்டு நடப்பது போல ஒரு தள்ளாட்டம். அடுத்து டிரம் நுழைகிறது. அது நேர்மாறு: கெட்டியாக, சோம்பலாக, ஆனால் இம்மி பிசகாமல் விழும் அடி. தள்ளாடுகிறவனை நடத்திக்கொண்டு போகும் நிதானமான நண்பனைப் போல.

அந்த டிரம் இவர்கள் வாசித்ததல்ல. ஜானி ஜென்கின்ஸ் என்ற ஜார்ஜியா மாநிலத்துக் கிட்டார் கலைஞர் 1970இல் வெளியிட்ட ஆல்பத்திலிருந்து எடுத்தது. அவரே அங்கே பாடியிருப்பது நியூ ஆர்லியன்ஸின் டாக்டர் ஜான் பாடிய 1968ஆம் ஆண்டுப் பாட்டை. ஆக, ஒருவர் பாட்டை இன்னொருவர் பாட, அதன் அடியை மூன்றாமவர் வெட்டி எடுத்து, நான்காமவரின் கிட்டாருக்குக் கீழே வைத்திருக்கிறார். தெற்கு மாநிலங்களின் சேற்று வாசனை இந்தப் பாட்டில் அடிக்கிறது என்றால் அது பெக்கின் ப்ளூஸ் பித்தால் மட்டும் வந்ததல்ல. அடித்தளத்திலேயே அது கிடக்கிறது.

இன்னொன்று. பாட்டு முழுக்க ஏறக்குறைய ஒரே சுருதியிலேயே நிற்கிறது. மேற்கத்திய ராக் பாட்டில் கார்டுகள், அதாவது ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டங்கள், மாறிக்கொண்டே போவதுதான் கதையை நகர்த்தும். சரணத்தில் ஒரு வரிசை, பல்லவியில் இன்னொரு வரிசை என்று இருக்கும். இங்கே அந்த நகர்த்தல் இல்லை. டி என்ற சுருதியைப் பிடித்துக்கொண்டு அதே துணுக்கு நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றிச் சுற்றி வருகிறது. தம்புராவின் ரீங்காரத்தில் பழகிய காதுக்கு இது விசித்திரமாகவே தோன்றாது. போதாக்குறைக்கு ஸ்டீஃபன்சன் மேலே சித்தார் ஒலியையும் தூவியிருக்கிறார். 1960களின் ராக்கில் சித்தார் வந்தால் உடனே ஊதுபத்தி கொளுத்தி ஞானம் தேடக் கிளம்பிவிடுவார்கள். இங்கே அது அப்படி எந்தப் பாவனையும் செய்வதில்லை. ஸ்லைடு கிட்டாரின் வழுக்கலோடு அதன் அதிர்வும் கலந்து, எது எந்த வாத்தியம் என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி ஆகிவிடுகிறது. இந்தக் கலவைதான் பாட்டின் உண்மையான சாதனை என்று நான் நினைக்கிறேன்.

ப்ளூஸ் கிட்டாருக்குக் கீழே ஹிப்ஹாப் அடி என்பது இன்று கேட்க எளிதாக இருக்கிறது. அன்று அந்த இரண்டு உலகங்களின் ரசிகர்களும் ஒருவர் இருந்த தெருவுக்கு இன்னொருவர் போகாதவர்கள். பெக்குக்கு மட்டும் அவை தூரத்து உறவாகத் தெரிந்தன. ‘டாக்கிங் ப்ளூஸ்’ என்று 1920களிலிருந்தே ஒரு வகை உண்டு: கிட்டார் தாளத்தின் மேல் பாடாமல், பேச்சாகவே, நையாண்டியாகக் கதை அளப்பது. நாட்டுப்புறப் பாடகர் வுடி கத்ரி அதில் மன்னர். அதை நினைவில் வைத்துக்கொண்டு ‘லூசர்’ சரணங்களைக் கேட்டால், அவர் ராப்பில் தோற்றுப்போய் எங்கே விழுந்தார் என்பது புரியும். அறுபது எழுபது ஆண்டுப் பழைய நாட்டுப்புற வடிவத்தின் மடியில்தான் போய் விழுந்திருக்கிறார். அந்த மந்தமான, அரைத்தூக்கக் குரல் ராப்புக்குக் குறை. டாக்கிங் ப்ளூஸுக்கு அதுதான் இலக்கணம்.

இப்போது வரிகள். சிம்பன்சிகளின் காலத்தில் தான் ஒரு குரங்காக இருந்ததாகத் தொடங்கி, தீப்பிடித்த பந்தயக் கார், ஏழைகளுக்கான உணவுக் கூப்பன், மலிவான பாலாடைக்கட்டி என்று துண்டு துண்டாக ஓடுகிறது. இவற்றுக்குள் ஒளிந்திருக்கும் தத்துவத்தைத் தோண்டி எடுத்துப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தாத்தா ஆல் ஹான்சன் சாக்லேட் உறையை ஒட்டியபோது, அந்த உறைக்கு என்ன உட்பொருள் என்று கேட்பதில் பயன் இல்லை. அது தெருவில் கிடந்தது, பளபளத்தது, எடுத்தார். பேரன் வரிகளும் அப்படித்தான். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: பொறுக்கியது எல்லாம் ஒரே தெருவில் பொறுக்கியது. மலிவு உணவு, ஓட்டைக் கார், அரசாங்கக் கூப்பன். அமெரிக்காவில் கையில் காசில்லாத ஒருவனின் கண்ணில் படுகிற சாமான்கள். அர்த்தம் சொல்ல முயலாமலேயே ஓர் இடமும் ஒரு வாழ்க்கையும் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. ஒட்டாத வரிகளுக்குள் ஓர் ஒட்டு உண்டு என்றால் அது இதுதான்.

பாட்டைப் பதிவு செய்துவிட்டு பெக்கும் ஸ்டீஃபன்சனும் அதை அநேகமாக மறந்தே போனார்கள். வெளியிடுவதில் பெக்குக்கு ஆர்வமில்லை. தன் நல்ல பாட்டுகளில் ஒன்றாக அவர் அதை எண்ணவும் இல்லை. ராத்ராக்தான் விடவில்லை. 1993 மார்ச்சில் பாங் லோட் அதைப் பன்னிரண்டு அங்குல வினைல் தட்டாக வெளியிட்டது. எத்தனை பிரதி தெரியுமா? ஐந்நூறு. லாஸ் ஏஞ்சலஸில் ஒரு கல்லூரி வானொலி அதைப் போட்டது. அங்கிருந்து சாண்டா மோனிகாவின் பொது வானொலியான கேசிஆர்டபிள்யூ எடுத்துக்கொண்டது. பிறகு வணிக வானொலிகள். நேயர்கள் கேட்கிறார்கள், நிலையங்கள் தட்டு கேட்கின்றன, நிறுவனத்திடம் கொடுக்கத் தட்டு இல்லை. பெரிய நிறுவனங்கள் பெக்கின் வீட்டு வாசலில் வந்து நின்றன.

அந்தப் பேரத்தில் அவர் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்தால் உதவாக்கரை வேடம் எவ்வளவு பொய் என்று தெரியும். நிர்வாணா, சோனிக் யூத் குழுக்களை வைத்திருந்த டிஜிசி நிறுவனத்தோடு கையெழுத்திட்டார். ஒரு நிபந்தனையோடு: அவர்களுக்குக் கொடுப்பது போக, சிறு நிறுவனங்கள் வழியாகவும் விருப்பப்படி ஆல்பம் வெளியிடும் உரிமை தனக்கு வேண்டும். பேருக்கு வாங்கிய உரிமையல்ல அது. 1994ஆம் ஆண்டு ஒன்றிலேயே மூன்று ஆல்பங்கள் வந்தன. பெரிய நிறுவனம் மார்ச்சில் வெளியிட்ட ‘மெல்லோ கோல்டு’ ஒன்று. மற்ற இரண்டும் சிறு நிறுவனங்களில். அவற்றுள் ஒன்று பெரும்பாலும் கிட்டாரும் குரலுமான, பழைய ப்ளூஸ் வாசனை அடிக்கிற தட்டு. ஒரு பாட்டு ஹிட் ஆனவனை அதே போல இன்னும் பத்து பாட்டு போடச் சொல்லிப் பிழிந்துவிடுவார்கள் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. இருபத்து மூன்று வயதில் இந்தச் சாமர்த்தியம் எத்தனை பேருக்கு இருக்கும்?

டிஜிசி அந்தச் சிங்கிளை மறுவெளியீடு செய்தபின் அது பில்போர்டு இசைப் பத்திரிகையின் மாடர்ன் ராக் பட்டியலில் முதலிடம் பிடித்தது, பொதுவான ஹாட் 100 பட்டியலில் 10ஆம் இடம் வரை ஏறியது, பிரிட்டனில் 15. அமெரிக்கப் பொதுப்பட்டியலில் அவர் முதல் பத்துக்குள் நுழைந்தது அந்த ஒரு முறைதான்.

‘தலைமுறையின் கீதம்’ என்ற பேச்சு இங்கேதான் கிளம்பியது. அன்றைய அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு ‘ஸ்லாக்கர்’ என்றொரு சொல் கிடைத்திருந்தது: படித்துவிட்டு வேலைக்குப் போகாமல், எதிலும் பிடிப்பில்லாமல் சோபாவில் சாய்ந்து கிடக்கும் இளைஞர் கூட்டம். அதற்கு ஒரு முகம் தேவைப்பட்டது. தூக்கக் கலக்கக் குரலில் தன்னை உதவாக்கரை என்று சொல்லிக்கொண்டு ஒருவர் சரியான நேரத்தில் வந்து சேர்ந்தார். ரேடியோஹெட் குழுவின் ‘க்ரீப்’ பாட்டும் அதற்குச் சற்று முன்புதான் வந்திருந்தது. அதிலும் பாடுகிறவன் தன்னையே இழிவாகச் சொல்லிக்கொள்கிறான். இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டி, இளைஞர்களின் சுயவெறுப்பு என்று சீட்டு ஒட்டிவிட்டார்கள். ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். அங்கே வலி நிஜம்; கிட்டார் வெடிப்பதே அந்த வலிக்காகத்தான். இங்கே வலி என்று எதைச் சொல்வது? பல்லவியில் ‘என்னைக் கொன்றுதான் போடேன்’ என்று கேட்பதுகூட, சின்ன விஷயத்துக்குப் பெரிய வார்த்தை சொல்லும் விளையாட்டு மிகை. 1994 ஏப்ரலில் நிர்வாணா குழுவின் பாடகர் கர்ட் கோபேன் தற்கொலை செய்துகொண்டபோது இந்தப் பாட்டு வானொலியில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்தச் சூழலில் அந்த வரி வேறு மாதிரிக் காதில் விழுந்திருந்தால் கேட்டவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஸ்லாக்கர் பட்டம் பெக்கை உண்மையிலேயே கோபப்படுத்தியது. மணிக்கு நான்கு டாலர் கூலிக்கு உழைத்து வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்தவன் நான், சாய்ந்து கிடக்க எனக்கு நேரம் ஏது என்ற பொருளில் பதில் சொன்னார். எல்லாவற்றிலும் மனம் சலித்துக் கிடப்பதெல்லாம் அதற்கு நேரம் இருப்பவர்களுக்குத்தான் என்பது அவர் வாதம். நியாயம்தானே?

ஒரே பாட்டோடு காணாமல் போகிறவர் என்று அப்போது நிறையப் பேர் அவரை எழுதி மூடினார்கள். 1996இல் டஸ்ட் பிரதர்ஸ் என்ற தயாரிப்பாளர்களோடு சேர்ந்து ‘ஓடிலே’ ஆல்பத்தைக் கொண்டுவந்தார். ‘லூசர்’ பாட்டில் தற்செயலாக வாய்த்த ஒட்டு வேலையை அதில் முழுக் கலையாகவே ஆக்கிவிட்டார். அதற்கு இரண்டு கிராமி விருதுகள். 2015இல் ‘மார்னிங் ஃபேஸ்’ என்ற ஆல்பத்துக்கு ஆண்டின் சிறந்த ஆல்பம் விருது. அது ராப்பும் இல்லாத, கிண்டலும் இல்லாத, மெதுவான, அழகான தட்டு. எனக்குப் பிடித்தது அதைவிட அதன் அண்ணன் போன்ற 2002ஆம் ஆண்டின் ‘சீ சேஞ்ச்’. உண்மையான சோகத்தை இந்த மனிதர் எப்படிப் பாடுவார் என்று தெரிய வேண்டுமானால் அதைக் கேளுங்கள். தந்தி வாத்தியங்களுக்கான இசையை எழுதியவர் அப்பா டேவிட் கேம்ப்பெல். அந்தக் குரலைக் கேட்டபின் ‘லூசர்’ பக்கம் திரும்பினால் அங்கே எவ்வளவு நடிப்பு, எவ்வளவு குறும்பு என்பது யாரும் சொல்லாமலே விளங்கும்.

கடைசியாக, கேட்கும்போது ஓரிடத்தைத் தவறவிடாதீர்கள். பாட்டின் பின்பாதியில் பாடல் நின்று, ஒரு பேச்சுக் குரல் குறுக்கிடும். அது பெக்கின் நண்பர் ஸ்டீவ் ஹான்ஃப்ட் எடுத்த ஒரு சிறிய செலவுப் படத்திலிருந்து வெட்டி எடுத்த வசனம். இந்தப் பாட்டுக்கான வீடியோவை இயக்கியவரும் அவரே. சவப்பெட்டி ஒன்று தானாகவே ஊர்ந்து போகுமே, அந்த வீடியோ. வசனம் பேசுகிறவன் படத்தில் கார்ப் பந்தயக்காரன். உதவாக்கரையின் பாட்டுக்கு நடுவில் புகுந்து, தான் ஜெயிக்கப் பிறந்தவன் என்றும், நிலைமை மாறப்போவது தனக்குத் தெரிகிறது என்றும் அவன் அறிவிப்பான். யாரும் அவனுக்குப் பதில் சொல்வதில்லை. டிரம் அதே சோம்பலோடு தொடர்ந்து விழுந்துகொண்டிருக்கும், பல்லவி மறுபடி தொடங்கிவிடும்.